கரண்ட் வைக்க 25 நாள் எதற்கு?



போன மாதம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். "சார், அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். 25 நாள் கரண்ட் வைக்கணுமாம். தினமும் ரெண்டு பஸ் மாறிப் போகணும், என் கூலியும் போகுது. ஒரேயடியா வச்சு முடிக்கக் கூடாதா?" நான் வைத்தியன் இல்லை, வரலாறு நடத்தியவன். தெரிந்த வரலாற்றைச் சொன்னேன்.

1895-ல் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். 1898-ல் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டார்கள். ஆரம்ப காலத்தில் ஒரேயடியாகப் பெரிய அளவு கொடுத்துப் பார்த்தவர்கள் உண்டு. கட்டியோடு நல்ல சதையும் வெந்தது.

1920-களில் பாரிஸில் கிளாட் ரெகோ ஆட்டுக்கடாக்களிடம் சோதித்தார். விந்து உற்பத்தியை ஒரே தடவையில் நிறுத்தப் பார்த்தால் தோல் புண்ணானது. பல நாளாகப் பிரித்துக் கொடுத்தால் உற்பத்தி நின்றது, தோல் தப்பியது. வேகமாகப் பெருகும் புற்றுநோய்க்கும் இது பொருந்தும் என்று கண்டார்கள். கூட்டார் என்பவர் தொண்டைப் புற்றுநோயில் அதைச் செய்து காட்டினார்.

அதே காலத்தில் கர்ப்பப்பை வாயில் ரேடியம் வைப்பதிலும் இரண்டு வழிகள் இருந்தன. ஸ்டாக்ஹோமில் ஒரு நாள் அளவுக்கு வைத்து எடுத்து, இடைவெளி விட்டு மறுபடி வைத்தார்கள். பாரிஸில் குறைந்த வீரியத்தில் பல நாள் தொடர்ந்து வைத்தார்கள். ஆக, "எத்தனை நாள்?" என்ற கேள்விக்கு நூறு வயது.

இன்றைய வழக்கம் 45 கிரே, 25 தடவை, ஐந்து வாரம். கூடவே வாரம் ஒரு சிஸ்பிளாட்டின் ஊசி, பிறகு உள்ளே வைக்கும் கதிர். இதை 40 கிரே, 15 தடவை, மூன்று வாரம் என்று சுருக்கலாமா என ஆய்வுகள் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. மார்பகப் புற்றுநோயில் கனடாவும் பிரிட்டனும் இப்படி ஆராய்ந்த பிறகே 15, 16 தடவை வழக்கத்துக்கு வந்தது. ஆனால் கர்ப்பப்பையை ஒட்டிக் குடலும் மூத்திரப்பையும் இருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் அளவு கூடினால், அவற்றின் பாதிப்பு சில வருஷம் கழித்தும் தலைகாட்டலாம். அதனால்தான் அவசரப்படாமல் பார்க்கிறார்கள்.

சுருக்குவதை மருத்துவர் முடிவு செய்யட்டும். நாமாக நாளைத் தள்ளிப்போடக் கூடாது. மொத்தச் சிகிச்சையும் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். இழுத்தால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும்.

நேற்று மறுபடி பேசினாள். "இன்னிக்குப் பதினெட்டு முடிஞ்சது சார். ஒரு நாளும் விடலை." வகுப்பில் வருகைப் பதிவுக்கு அவ்வளவு மகிழ்ந்ததில்லை நான்.