மகேந்திரவர்மன் காலத்து இரண்டு நாய்கள்



நம் ஏற்காட்டில் ஒரு பேச்சு உண்டு. நாயை வீட்டுக்குள் விட்டு, பெயர் வைத்து, பிள்ளை மாதிரி வளர்ப்பதெல்லாம் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் கொண்டுவந்த பழக்கம் என்பார்கள். சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820களில் இந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார் என்பது சரி. டாமி, ஜிம்மி, சீசர் என்ற பெயர்கள் அவர்கள் வழியாக வந்தவை என்பதும் சரி. ஆனால் நாயின் மேல் வைத்த பாசமும் அவர்கள் கொடுத்ததுதானா? வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

சேர்வராயன் மலைக்கு வடகிழக்கே செங்கம் வட்டாரம் இருக்கிறது. நடுகற்களுக்குப் பெயர் போன பகுதி. அங்கே எடுத்தனூரில் ஒரு நடுகல். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நட்டது. எழுத்து வட்டெழுத்து. கருந்தேவக்கத்தி என்ற வீரன் தன் எருமைகளைக் காக்கப் போராடி இறந்தான் என்கிறது கல்வெட்டு. அதோடு நிற்கவில்லை. அவனுடைய நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு அங்கேயே காத்து நின்றதையும் சொல்கிறது. வீரனின் உருவத்தோடு நாயின் உருவமும் கல்லில் இருக்கிறது. நாயின் பெயர் கோவிவன்!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் வாழ்ந்த எத்தனையோ மனிதர்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஒரு மாட்டுக்கார வீட்டு நாயின் பெயர் 1,400 ஆண்டுகள் கடந்து வந்திருக்கிறது. யாரோ ஒருவர் கல் தச்சனிடம், "நாயையும் செதுக்குங்கள், பேரையும் போடுங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு மட்டும் வாசலில் வந்து நின்ற நாயாக இருந்தால் இது நடந்திருக்குமா?

இதே மகேந்திரவர்மனைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் மண்டகப்பட்டில் குடைவரை கண்டவர். அவர் ஒரு நகைச்சுவை நாடகமும் எழுதினார். பெயர் மத்தவிலாசப் பிரகசனம், வடமொழியில் எழுதியது. காஞ்சிபுரத்தில் ஒரு காபாலிகரின் கபால ஓடு காணாமல் போகிறது. அவர் ஒரு பௌத்தத் துறவியைச் சந்தேகப்பட்டுப் பெரிய சண்டை போடுகிறார். கடைசியில் பார்த்தால், ஓட்டில் இருந்த கறிக்காக ஒரு நாய் அதைத் தூக்கிப் போயிருக்கிறது! ஆக, ஒரே மன்னன் காலத்தில் திருடனைப் பிடித்த நாய் ஒன்று, திருடிய நாய் ஒன்று. முதலாவதைக் குடிமக்கள் கல்லில் வைத்தார்கள்; இரண்டாவதை அரசரே மேடையில் வைத்தார்.

நாய் வளர்ப்பவர்களுக்குத் தெரியும், இந்த இரண்டும் ஒரே நாய்தான். எங்கள் வீட்டு மணியையே எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் ஒரு இலை அசைந்தாலும் குரைப்பான். காலையில் என் செருப்பில் ஒன்றை மட்டும் தூக்கிப்போய்க் காப்பிச் செடி அடியில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போலக் களத்து வெயிலில் படுத்திருப்பான். திட்டினால் உடனே ஒரு காலை நொண்டுவான். தோசை வாசம் வந்ததும் நொண்டல் தானாகச் சரியாகிவிடும். காட்டுமாடு வேலியோரம் வந்தால், என் மனைவியின் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டு வீரமாகக் குரைப்பான்.

படுக்கும் முன் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுவான். சார்லஸ் டார்வின் 1872இல் வெளியிட்ட நூலில் இதை எழுதியிருக்கிறார். காட்டில் வாழ்ந்த முன்னோர் புல்லை மிதித்துப் படுக்கை செய்த பழக்கம், தரைவிரிப்பிலும் தொடர்கிறது என்பது அவர் கருத்து. வாலாட்டுவதை நம் சமண முனிவர்கள் அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே கவனித்தார்கள். எஜமான் எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் நாய் அவனுக்கு வாலாட்டும், அப்படிப்பட்டவரையே நட்பாகக் கொள்ள வேண்டும் என்கிறது நாலடியார்.

அண்டை நாட்டிலும் இதுவே கதை. 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசர் இராசாதித்தர் கங்க மன்னன் பூதுகனால் வீழ்ந்தார். வென்ற பூதுகன் தன் வீரன் மணலேரனிடம் என்ன வேண்டும் என்று கேட்டபோது, அவன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை! பின்னர் ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு பொருது காளியும் பன்றியும் இறந்தன. காளிக்காக ஆதகூரில் கல் நட்டு, அதன் பூசைக்கு நிலமும் விட்டார்கள். அந்தக் கல் இன்று பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. ஆசையாகக் குட்டி வாங்கி வளர்த்து, வயதானதும் நோய் வந்ததும் காரில் கொண்டுவந்து மலைப்பாதை வளைவில் இறக்கிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நாய் போகிற ஒவ்வொரு காரையும் எட்டிப் பார்த்தபடி அதே வளைவில் உட்கார்ந்திருக்கும். கோவிவன் காத்திருந்தது போலத்தான் அதுவும் காத்திருக்கிறது. அதற்குக் கல் நடுவார் இல்லை.

வளர்க்க முடியும் என்றால் மட்டும் வளர்ப்போம். ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுவோம். கடைசி நாள் வரை ஒரு தட்டும் ஒரு சாக்குப்பையும் திண்ணையில் ஓர் இடமும் கொடுப்போம். செங்கம் பக்கம் போகிறவர்கள், வயலோரம் சாய்ந்து கிடக்கும் கல்லைக் கண்டால் வெறும் கல் என்று தாண்டிப் போகாதீர்கள். குனிந்து பாருங்கள், வீரனுக்குப் பக்கத்தில் ஒரு வால் தெரியலாம்.