கோடரி ஒதுக்கிய மரம்

அமெரிக்காவின் தெற்கே, லூசியானா மாநிலத்தின் சதுப்புகளில், ஜனவரி பிப்ரவரி மாதங்களில் சிலர் ரம்பமும் கையுமாக முழங்கால் தண்ணீரில் இறங்குவார்கள். அவர்கள் தேடிப்போவது சைப்ரஸ் மரத்தை. ஊசியிலை மரமென்றால் வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும் என்றுதான் நினைப்போம். இது அப்படி இல்லை. குளிர்காலத்தில் இலையை எல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். அதனாலேயே இதற்கு ‘மொட்டை சைப்ரஸ்’ என்று பெயர் வந்தது. தாவரவியலில் டாக்ஸோடியம் டிஸ்டிகம். மரம் தூங்கும் அந்த இரண்டு மாதம்தான் பிடுங்கச் சரியான சமயம். பிடுங்குவது வீட்டுக்கு எடுத்துப்போய்த் தட்டில் வைத்து, போன்சாயாக வளர்க்க.

எந்த மரத்தைப் பிடுங்குகிறார்கள் என்பதுதான் வேடிக்கை. நேராக, உயரமாக, நோய்நொடி இல்லாமல் நிற்கும் கன்றை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அடி பெருத்து, தலை முறிந்து, பட்டை வரிவரியாக மடிந்து, ‘இதெல்லாம் ஒரு மரமா’ என்று சொல்லத் தோன்றுகிற ஒன்றுக்குத்தான் மவுசு. இந்த ரசனை எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால் ஒரு பெரிய காடு அழிந்த கதையில் போய் நிற்கிறோம்.

முதலில் போன்சாய் பக்கம் கொஞ்சம் போய்வரலாம். தொட்டியில் குறுமரம் வளர்க்கும் பழக்கம் சீனாவில் பிறந்தது. தாங் வம்சத்து இளவரசர் சாங்ஹுவாயின் கல்லறைச் சுவரில், 706-ஆம் ஆண்டு வாக்கில் வரைந்த ஓவியத்தில், பணியாள் ஒருவர் சின்னச் செடிகளும் கற்களும் வைத்த தட்டை ஏந்தி நிற்கிறார். பின்னால் இந்தக் கலை ஜப்பானுக்குப் போய் அங்கே இன்னொரு உருவம் எடுத்தது. ஜப்பானியர்கள் மிகவும் கொண்டாடிய மரங்களில் பல, விதை போட்டு முளைத்தவை அல்ல. காற்றும் பனியும் பாறையும் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் முறுக்கிப் போட்டதை மலையிலிருந்து பெயர்த்து எடுத்து வந்தார்கள். அதற்கு ‘யமதோரி’ என்று பெயர். ‘மலையிலிருந்து எடுத்தது’ என்று பொருள் சொல்லலாம்.

இதில் உச்சம் ஷிம்பாகு என்ற ஜூனிபர் மரம். முதலில் ஷிகோகு தீவின் மலைகளில் எடுத்தார்கள். அங்கே குறைந்ததும் ஹொன்ஷூ தீவின் இதோய்கவா வட்டாரத்துக்குப் போனார்கள். செங்குத்துப் பாறையில் கயிறு கட்டித் தொங்கித்தான் எடுக்க வேண்டும். ஒரு நல்ல மரம் கிடைத்தால் பெரும் பணம். சில பத்தாண்டுகளில் இரண்டு இடங்களிலும் நல்ல மரம் என்று சொல்ல ஏதும் மிஞ்சவில்லை. இன்று உலகத்தின் பெரிய போன்சாய்க் கண்காட்சிகளில் பரிசு வாங்கும் பழைய ஷிம்பாகு மரங்களில் பல அந்தச் சில பத்தாண்டுகளில் மலையிலிருந்து இறங்கியவைதான். மலையில் அவற்றின் இடம் காலி.

1923-இல் தோக்கியோவைப் பெரும் பூகம்பம் உலுக்கிப்போட்டது. அங்கிருந்த போன்சாய்க்காரர்கள் சிலர் வடக்கே ஓமியாவுக்குக் குடிபெயர்ந்து 1925-இல் ஒரு போன்சாய் கிராமத்தை உண்டாக்கினார்கள். அதே 1925-ஐத்தான் லூசியானாவின் வரலாற்றாசிரியர்களும் ஒரு எல்லைக்கல்லாகச் சொல்கிறார்கள். அங்கே ஆதி சைப்ரஸ் காடு ஏறக்குறைய தீர்ந்துபோன வருஷம் அது. இரண்டுக்கும் அப்போது எந்தச் சம்பந்தமும் கிடையாது. சம்பந்தம் பின்னால் வந்தது.

சைப்ரஸை மனிதர்கள் முன்பே வெட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். சிட்டிமாச்சா பழங்குடிகள் அதைக் குடைந்து ஓடம் செய்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வந்து நியூ ஆர்லியன்ஸ் வீடுகளை அதில் கட்டினார்கள். ஈரத்துக்கும் கரையானுக்கும் அசைந்து கொடுக்காத வைரக்கட்டை. ஆனால் அளவோடு வெட்டினார்கள், வேறு வழியில்லாததால். பச்சை சைப்ரஸ் கட்டை தண்ணீரில் பெரும்பாலும் மூழ்கிவிடும். ஆகவே இலையுதிர் காலத்தில் மரத்தின் அடியைச் சுற்றி வளையமாக வெட்டி, நின்றபடியே சாகவிட்டு, உலரவிட வேண்டும். பிறகு வெள்ளம் வரும்போது வெட்டி மிதக்கவிட்டு இழுத்துவர வேண்டும். வெள்ளம் வராத வருஷம் மரமும் வராது.

இந்தக் கணக்கை மாற்றியவை சட்டமும் நீராவியும். 1849-இல் கூட்டாட்சி அரசு தன் சதுப்பு நிலங்களை லூசியானா மாநிலத்துக்கே கொடுத்தது. 1876-இல் தெற்கு மாநிலங்களில் அரசு நிலத்தை விற்பதற்கு இருந்த தடையும் விலகியது. ஏக்கர் ஒரு டாலருக்கும் குறைவாகச் சதுப்புக்காடு விலைபோனது. வடக்கே இருந்து மர வியாபாரிகள் வந்து ஆயிரம் ஆயிரம் ஏக்கராக வாங்கிப்போட்டார்கள். 1889-இல் இழுவைப் படகு வந்தது. தட்டையான படகொன்றில் நீராவி எந்திரம், அதில் ராட்டினம் போல ஒரு பெரிய உருளை, உருளையில் இரும்புக் கயிறு. படகைக் கால்வாயில் நிறுத்திவிட்டுக் கயிற்றைக் காட்டுக்குள் கொண்டுபோய் மரத்தில் கட்டுவார்கள். எந்திரம் சுற்றச் சுற்ற மரம் சேற்றைக் கிழித்துக்கொண்டு வரும். வெள்ளத்துக்காகக் காத்திருக்கும் வேலையே இல்லாமல் போயிற்று.

ஒரு திசையில் இழுத்து முடித்ததும் கயிற்றை அடுத்த திசையில் வீசுவார்கள். இப்படி ஒரே புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் இழுத்த தடங்கள் வண்டிச் சக்கரத்து ஆரங்கள் மாதிரி சதுப்பில் பதிந்துபோயின. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தச் சக்கரங்களை இன்றைக்கும் விமானத்திலிருந்து பார்க்கலாம்.

முப்பது முப்பத்தைந்து வருஷம். அவ்வளவுதான். ஆயிரம் வயதைத் தாண்டிய மரங்கள் கூரை ஓடுகளாகவும், தண்ணீர்த் தொட்டிகளாகவும், ரயில் பாதைக் கட்டைகளாகவும் போய்ச் சேர்ந்தன. ‘அழியாத மரம்’ என்று விளம்பரம் செய்து விற்றார்கள். கட்டை அழியவில்லை, காடுதான் அழிந்தது.

ஆனாலும் எல்லாவற்றையும் வெட்டவில்லை. மர வியாபாரிக்குத் தேவை நேரான, உள்ளே திடமான அடிமரம். சைப்ரஸின் உள்ளே ஒரு பூஞ்சை புகுந்து, கட்டை முழுக்கப் பொந்து பொந்தாகத் தின்றுவைக்கும். வயதான மரங்களுக்கு இந்த நோய் அதிகம். பொக்கை விழுந்தது, மின்னல் தாக்கிப் பிளந்தது, புயலில் தலை போனது, முறுக்கிக்கொண்டு வளர்ந்தது, இதெல்லாம் இழுக்கிற செலவுக்குக்கூடக் கட்டாது. ‘உள்ளே ஒண்ணும் இல்லை, விட்டுத்தள்ளு’ என்பதுதான் கணக்கு. அப்படி விட்டுத்தள்ளிய மரங்கள்தான் வெட்டவெளியான சதுப்பில் அங்கங்கே தனியாக நின்றன. அவற்றைச் சுற்றி இரண்டாம் தலைமுறைக் காடு எழுந்தது.

இளம் சைப்ரஸ் கோபுரம் போலக் கூம்பாக இருக்கும். வயதேறினால் உச்சிக்கொழுந்து வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். மின்னலும் புயலும் மிச்ச உச்சியை ஒடித்துவிடும். பக்கக் கிளைகள் மட்டும் நாலாபுறமும் நீண்டு, மேலே சமதளமாகக் குடை விரித்த மாதிரி நிற்கும். இன்று லூசியானா என்றாலே அஞ்சல் அட்டையில் வரும் படம் அதுதான். கீழே பெருத்த அடி, வேரிலிருந்து முட்டி முட்டியாக எழும்பும் ‘முழங்கால்கள்’, உச்சியில் தட்டைக் குடை. 1963-இல் சைப்ரஸை மாநில மரமாகவே அறிவித்தார்கள். அந்தப் படத்தில் இருக்கும் மரம் பெரும்பாலும் கோடரி வேண்டாமென்று ஒதுக்கிய மரம்தான்.

ஒதுக்கியவற்றில் வேறு பொக்கிஷங்களும் இருந்தன. டேவிட் ஸ்டாலி என்ற ஆய்வாளர் வட கரோலினாவின் பிளாக் நதிக்கரையில் இத்தகைய மரங்களைத் துளையிட்டு வளையங்களை எண்ணினார். 2019-இல் அவர் குழு வெளியிட்ட கட்டுரைப்படி அங்கே ஒரு மரத்துக்கு வயது குறைந்தது 2,624. கோணல்மாணலாக, உள்ளே பொந்தாக, உச்சி முறிந்து இருந்ததால் பிழைத்தவை அவை. அதற்கு முன்பே 1998-இல், வர்ஜீனியா பக்கத்துச் சைப்ரஸ் வளையங்களை வைத்து, 1587 முதல் 1589 வரை எண்ணூறு ஆண்டுகளிலேயே மிகக் கடுமையான வறட்சி அங்கே நிலவியது என்று அதே ஆய்வாளர்கள் காட்டினார்கள். ரோனோக் தீவில் ஆங்கிலேயக் குடியேறிகள் காணாமல் போனது அந்த வருஷங்களில்தான். வியாபாரி வேண்டாமென்ற மரத்திலிருந்துதான் அந்த வறட்சியின் செய்தி நமக்குக் கிடைத்தது.

இப்போது போன்சாய் இங்கே வந்து சேர்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்தக் கலை அமெரிக்காவில் பரவியது. கலிஃபோர்னியாவில் ஜான் நாகா போன்ற ஜப்பானிய வம்சாவளி ஆசிரியர்கள் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். 1976-இல் அமெரிக்காவின் இருநூறாவது ஆண்டுக்கு ஜப்பான் 53 போன்சாய் மரங்களைப் பரிசாக அனுப்ப, வாஷிங்டனில் அதற்கென்று தேசிய அருங்காட்சியகமே உருவானது. மரங்களோடு இலக்கணமும் வந்தது. ஊசியிலை மரமென்றால் முக்கோண வடிவம், கூர்ந்த உச்சி, அடுக்கடுக்காகக் கீழே தாழும் கிளைகள். ஜப்பானிய மலைப் பைன் மரத்துக்கு அது பொருந்தும். சதுப்புச் சைப்ரஸை அந்தச் சட்டகத்துக்குள் திணித்தால், என்னதான் அழகாகச் செய்தாலும், அது இளம் மரமாகவே தெரியும்.

இதை உரக்கச் சொன்னவர் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த வான் பாண்டிங். தன் ஊர்ச் சதுப்பில் கிழமரம் எப்படி இருக்கிறதோ அப்படித்தானே தட்டிலும் இருக்க வேண்டும் என்பது அவர் வழி. உச்சியைக் கூராக்காமல் தட்டைக் குடையாக விரித்து வளர்த்தார். ‘தட்டை உச்சி’ என்ற பாணியைப் போன்சாய் உலகம் ஏற்றுக்கொண்டதில் அவர் பங்கு பெரிது. ஜப்பானிய இலக்கணப் புத்தகத்தில் இல்லாத ஒரு வடிவம் அது. அதன் மூலப்படம் 1925-க்குப் பிறகு வெறிச்சோடிய சதுப்பில் தனியாக நின்ற பொக்கை மரம்.

பிடுங்கும் முறையும் மற்ற மரங்களுக்கு நேர்மாறு. மலை ஜூனிபரை எடுக்க வேண்டுமானால் வேரில் ஒரு நூலிழை அறுந்தாலும் பதறுவார்கள். சைப்ரஸுக்கு அந்த நாசூக்கு கிடையாது. அடி பெருத்த மரமாகப் பார்த்து இரண்டு மூன்று அடி உயரத்தில் தலையை அறுக்கிறார்கள். தண்ணீருக்கடியில் கைவிட்டு வேரைத் தடவிப் பார்த்து, சுற்றிலும் சில அங்குலம் விட்டு ரம்பத்தால் அறுக்கிறார்கள். மண்ணே ஒட்டாத ஒரு மொண்ணைக் கட்டை கைக்கு வரும். அதைத் தொட்டியில் நட்டு, தொட்டியையே தண்ணீரில் அமிழ்த்தி வைத்தால் வசந்தத்தில் கட்டை முழுக்கத் துளிர்க்கும். அதன் பிறகு கிளையைத் தேர்ந்தெடுப்பது, கம்பி சுற்றுவது, அறுத்த காயம் மூடக் காத்திருப்பது என்று பத்துப் பன்னிரண்டு வருஷ வேலை. மரவெட்டி ஒரு நாளில் முடித்ததைத் தலைகீழாகச் செய்கிற மாதிரி.

சரி, இப்படிப் பிடுங்குவது நியாயமா? ஷிம்பாகு கதை தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போன்சாய்க்காரர் எடுப்பது சொற்பம். 2000-களின் நடுவில் லூசியானாவில் இரண்டாம் தலைமுறைச் சைப்ரஸை முழுசு முழுசாக அரைத்துத் தோட்டத்து மூடாக்காகப் பையில் கட்டி விற்றார்கள். பெரிய சண்டை வந்தபின்தான் அது அடங்கியது. அதன் முன்னால் ரம்பத்தோடு போகிற நாலு பேர் எம்மாத்திரம்?

ஆனால் இங்கே எண்ணிக்கையைவிடத் தண்ணீர் முக்கியம். சைப்ரஸ் விதை தண்ணீரில் மிதந்து பரவும், தண்ணீருக்குள் முளைக்காது. ஈரமான வெற்றுச் சேறு வெளியே தெரிய வேண்டும். முளைத்த கன்று அடுத்த வெள்ளத்துக்குள் தலையைத் தண்ணீருக்கு மேலே நீட்டிவிட வேண்டும். முன்பு மிசிசிப்பி நதி பொங்கும், வடியும், வண்டலைக் கொட்டிவிட்டுப் போகும். 1927 பெருவெள்ளத்துக்குப் பிறகு, 1928-இல் சட்டம் போட்டு, நதியை நெடுகக் கரை கட்டி அடைத்தார்கள். வண்டல் வருவது நின்றது. நிலம் தாழ்ந்துகொண்டே போனது. பல சதுப்புகளில் தண்ணீர் இப்போது வடிவதே இல்லை. நியூ ஆர்லியன்ஸுக்குக் கிழக்கே 1960-களில் வெட்டிய கப்பல் கால்வாய் கடலுப்பை உள்ளே கொண்டுவந்து ஆயிரக்கணக்கான ஏக்கர் சைப்ரஸைக் கொன்றது. 2009-இல் பாறை கொட்டி அதை அடைத்தார்கள். தப்பித் தவறி முளைக்கும் கன்றுகளைத் தென்னமெரிக்காவிலிருந்து வந்த நியூட்ரியா என்ற கொறிவிலங்கு பிடுங்கித் தின்கிறது.

2005-இல் மாநில ஆளுநர் நியமித்த அறிவியல் குழு கடலோரக் காடுகளை மூன்றாகப் பிரித்தது. வெட்டினால் தானே மீண்டு வரும் இடம், கன்று நட்டால் மட்டும் வரும் இடம், எதைச் செய்தாலும் வராத இடம். மூன்றிலும் இன்று நிற்கும் மரங்கள் பார்வைக்கு ஒரே மாதிரி பச்சையாக இருக்கும். நன்றாக வேர் பிடித்த சைப்ரஸ் வற்றாத தண்ணீரிலும் பல பத்தாண்டுகள் நின்றுகொண்டிருக்கும். பிள்ளை இல்லாத கிழவர்கள் ஊர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதனால் பிடுங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்விகளில் நில உரிமையாளரின் அனுமதி முதல் கேள்விதான், கடைசிக் கேள்வி இல்லை. மின்கம்பிக்குக் கீழே, சாலையோர வாய்க்காலில், வருஷா வருஷம் எப்படியும் வெட்டுப்படும் மரத்தை எடுத்தால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. அப்படி வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டுத்தான் அதன் அடியும் பெருத்திருக்கும். தண்ணீர் வடிந்து சேறு தெரியும் காட்டில் ஒன்றை எடுத்தால் அந்த இடத்தை இன்னொன்று நிரப்பும். தண்ணீர் வடியாத காட்டில் எடுக்கும் ஒவ்வொரு மரமும் இதோய்கவா மலை மரம் மாதிரி. அதன் இடம் அப்படியே காலியாகக் கிடக்கும்.

இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். அடிமரத்தின் பெருப்பைத் தடவிப் பார்ப்பதற்கு முன்னால் சுற்றிலும் ஒருமுறை பார்த்தால் போதும். போன வருஷத்து விதையில் முளைத்த விரல் உயரக் கன்று பக்கத்தில் நாலைந்தாவது நிற்கிறதா? இல்லையென்றால் ரம்பத்தைத் திரும்ப உறையில் போட்டுக்கொண்டு கரையேறிவிடலாம்.