டோரேமானுக்கு எத்தனை முடிவு?

டோரேமான் பார்த்து வளர்ந்த யாரிடமாவது "கடைசி எபிசோட் தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு கதை சொல்வார்கள். நோபிதா ஒரு நோயாளிச் சிறுவன். பல வருஷமாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் நினைவில்லாமல் கிடக்கிறான். நீலநிறப் பூனை ரோபோ, அதன் வயிற்றுப் பையிலிருந்து வரும் கருவிகள், ஷிஸுகா, ஜியான் எல்லாமே அவன் மூளைக்குள் ஓடிய கனவு. அவ்வளவுதான், சுபம் இல்லை.

ஷின்சானுக்கும் இப்படி ஒன்று உண்டு. ஐந்து வயதுப் பையன், தங்கை ஹிமாவாரியைக் காப்பாற்றப் போய் கார் மோதிச் செத்துவிட்டான். துக்கம் தாங்காத அம்மா அவனுடைய கிரையான்களை எடுத்து அவனைப் படமாக வரைந்துகொண்டே இருந்தாள். அதனால்தான் தொடரின் ஜப்பானியப் பெயர் 'கிரையான் ஷின்சான்' என்பார்கள். கூடவே "உண்மைக் கதை" என்று ஒரு முத்திரை.

இதெல்லாம் யூடியூப், வாட்ஸப் கொண்டுவந்த சரக்கு என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் நோபிதா கதை 1980-களிலேயே ஜப்பானியப் பிள்ளைகளின் வாயில் ஊர் ஊராகப் போயிருக்கிறது. இன்டர்நெட் அப்போது எந்த வீட்டுக்கும் வந்திருக்கவில்லை. பள்ளிக்கூட இடைவேளைகளே போதுமானதாக இருந்தது.

இந்த வகைக் கதைகளில் எனக்குப் பிடித்தது 'சஸாயே-சான்' பற்றியது. நம்ம ஊரில் அதிகம் பேருக்குத் தெரியாத தொடர். மச்சிகோ ஹசேகாவா என்ற பெண் 1946-ல் ஒரு ஃபுகுவோகா பத்திரிகையில் வரைய ஆரம்பித்த நாலு கட்டச் சிரிப்புத் துணுக்கு அது. 1969 அக்டோபரில் டிவிக்கு வந்து இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. கூட்டுக் குடும்பம், சாப்பாடு, சின்னச் சண்டை, இவ்வளவுதான் விஷயம். யாருக்கும் வயது ஏறாது. குடும்பத்தில் எல்லார் பேரும் கடல் சம்பந்தப்பட்டது: சஸாயே ஒரு கடல் சங்கு, தம்பி கட்ஸுவோ ஒரு சூரை மீன், தங்கை வகாமே கடற்பாசி, அப்பா நமிஹேய் பேரில் அலை இருக்கிறது, அம்மா ஃபுனே என்றால் படகு. வதந்தி என்ன சொல்கிறது? குடும்பத்துக்கு ஹவாய் போக ஒரு பரிசு விழுகிறது. போகும் வழியில் விமானம் கடலில் விழுகிறது. ஆளாளுக்குத் தங்கள் பேருக்கு ஏற்ற உருவமாகிக் கடலோடு போய்விடுகிறார்கள். நமிஹேய் அலையாகிறார், ஃபுனே படகாகிறார். யாரோ ஒரு குறும்புக்காரப் பிள்ளை இதை முதலில் சொல்லும்போது அடக்க முடியாமல் சிரித்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்தச் சிரிப்பு மற்றக் கதைகளில் இல்லை.

அமெரிக்காவிலும் இதே அச்சில் வார்த்தவை உண்டு. 'சிம்ப்ஸன்ஸ்' தொடரில் 1993 ஏப்ரல் 1-ம் தேதி வந்த எபிசோடில் ஹோமர் கோமாவில் கிடப்பான். அதற்குப் பிறகு வந்த இத்தனை வருஷத்து எபிசோடுகளும் அவன் கனவு என்று ஒரு கோட்பாடு. தயாரிப்பாளர் ஆல் ஜீன் அதெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டார். 'ஃபினியஸ் அண்ட் ஃபெர்ப்' தொடரில் தம்பிமார் இருவரையும் அக்கா கேண்டஸின் மனநோய் உண்டாக்கிய உருவங்கள் என்றார்கள். படைப்பாளிகளில் ஒருவரான டான் போவன்மையர் அதை மறுத்தார். மறுத்ததால் யாராவது நிறுத்தினார்களா என்றால், இல்லை.

ஷின்சான் கதையை உடைக்க யாருடைய மறுப்பும் தேவையில்லை, தேதி போதும். யோஷிதோ உஸுய் அந்த காமிக்ஸை ஆரம்பித்தது 1990-ல். அன்றைக்கே தலைப்பில் கிரையான் இருக்கிறது. தங்கை ஹிமாவாரி கதைக்குள் பிறப்பதோ 1996-ல்தான். பிறக்காத தங்கையைக் காப்பாற்றப் போய்ச் செத்த அண்ணனுக்காக ஆறு வருஷம் முன்னாடியே தலைப்பு வைத்தார்களா? உஸுய் இன்று இருந்து பதில் சொல்லவும் வழியில்லை. 2009 செப்டம்பரில் அராஃபுனே மலையில் தவறி விழுந்து, 51 வயதில் இறந்துபோனார்.

டோரேமான் விவகாரம் இவ்வளவு சுலபமில்லை. ஏனென்றால் டோரேமானுக்கு முடிவு நிஜமாகவே இருந்தது. ஒன்றல்ல, மூன்று!

இது புரிய ஜப்பானியச் சிறுவர் பத்திரிகைகள் எப்படி இயங்கின என்று தெரிய வேண்டும். ஷோகாகுகான் நிறுவனம் ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனி மாத இதழ் நடத்தியது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு இதழ், இரண்டாம் வகுப்புக்கு வேறு இதழ், இப்படி. ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ என்ற புனைபெயரில் இன்று அறியப்படும் ஹிரோஷி ஃபுஜிமோட்டோ, 1970 ஜனவரி இதழிலிருந்து டோரேமானை ஆறு இதழ்களில் ஒரே சமயத்தில் ஆரம்பித்தார். ஒவ்வொன்றுக்கும் அந்த வயதுக்கு ஏற்ற வேறு வேறு கதை. கழுத்தை ஒடிக்கும் வேலை.

அங்கே பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்கும். அப்போது டோரேமான் நாலாம் வகுப்பு இதழோடு நின்றுவிடும், ஐந்தாம் வகுப்பு இதழில் கிடையாது. அதாவது நாலாம் வகுப்புப் பிள்ளை மார்ச் இதழை மூடி வைத்தால் அவனுக்கும் டோரேமானுக்கும் இனிச் சம்பந்தமில்லை. அந்தப் பிள்ளைகளை அம்போவென்று விட்டுவிடக் கூடாது என்று ஃபுஜிமோட்டோ நினைத்திருக்க வேண்டும். 1971 மார்ச் நாலாம் வகுப்பு இதழில் ஒரு பிரிவு எழுதினார்: எதிர்காலத்து ஆட்கள் கடந்த காலத்துக்கு வந்து அட்டகாசம் செய்வதால் காலப் பயணத்துக்கே தடை வருகிறது, டோரேமான் கிளம்ப வேண்டியதாகிறது. அடுத்த வருஷம் அதே மார்ச் இதழில் இரண்டாவது பிரிவு. நோபிதா எல்லாவற்றுக்கும் தன்னையே நம்பியிருக்கிறான், இது அவனுக்கு நல்லதில்லை என்று டோரேமான் போகிறது. நோபிதா விழுந்து விழுந்து தனியாக சைக்கிள் பழகுகிறான், டோரேமான் அதை எதிர்காலத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறது.

இந்த இரண்டு அத்தியாயங்களும் வழக்கமாகக் கடையில் கிடைத்த 45 தொகுதிகளில் சேரவில்லை. முழுத் தொகுப்பு வரும்வரை பல பத்தாண்டுகள் பழைய இதழ்களிலேயே கிடந்தன. என் ஊகம் ஒன்று சொல்கிறேன். 1971-லும் 72-லும் அதைப் படித்த பிள்ளைக்கு "டோரேமானுக்குக் கடைசிக் கதை ஒன்று உண்டு, நான் படித்திருக்கிறேன்" என்று ஞாபகம் இருக்கும். அதை நம்பித் தம்பி தேடுவான், புத்தகக் கடையில் இருக்காது. டிவியில் தொடர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். "இருக்கு, ஆனா மறைச்சுட்டாங்க" என்ற நினைப்புக்கு இதைவிட நல்ல உரம் வேண்டுமா? காலியாகக் கிடந்த அந்த இடத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலைக் கொண்டுவந்து போட்டது யார் என்பது யாருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரிக் கதை பரவியபோது ஃபுஜிமோட்டோ அதை மறுத்தார். எடுபடவில்லை. "அது பொய்" என்று ஆசிரியர் சொல்லலாம், ஆனால் "அப்போ நிஜ முடிவு என்ன?" என்று பிள்ளை கேட்டால் கொடுக்க அவர் கையில் ஒன்றும் இல்லை, தொடர் ஓடிக்கொண்டிருக்கிறதே! 1996 செப்டம்பர் 23-ம் தேதி 62 வயதில் அவர் இறந்தபோது இதுதான் முடிவு என்று எதையும் எழுதி வைத்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் விநோதம். ரசிகர்களில் ஒருவர் வேறொரு முடிவு எழுதினார். டோரேமானின் பேட்டரி தீர்ந்துவிடுகிறது. பேட்டரி மாற்றினால் நினைவு அழிந்துவிடும், நினைவைச் சேமிக்கும் பகுதி காதுகளில் இருந்தது, காதுதான் எலி கடித்துப் போச்சே. நோபிதா விழுந்து விழுந்து படித்துப் பெரிய ரோபோ விஞ்ஞானியாகித் தன் நண்பனைத் தானே எழுப்புகிறான். அருமையான கதை, இருட்டே கிடையாது. 2005-ல் ஒரு ரசிக ஓவியர் இதை அச்சு அசல் ஃபுஜிமோட்டோ பாணியில் வரைந்து, நிஜத் தொகுதி போலவே அட்டை போட்டு விற்றார். சுமார் 13,000 பிரதி போயிற்று. ஷோகாகுகான் பதிப்புரிமைப் பிரச்சினை எழுப்ப, 2007-ல் அவர் மன்னிப்புக் கேட்டு, வந்த பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தார். நோபிதாவைக் கோமாவில் தள்ளியவன் மேல் யாரும் வழக்குப் போட முடியாது, அவனுக்குப் பேரும் இல்லை, அட்டையும் இல்லை. நோபிதாவைப் படிக்க வைத்தவர் மாட்டிக்கொண்டார். பதிப்பகத்தைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. அதை நிஜ டோரேமான் புத்தகம் என்றே வாங்கியவர்கள் இருந்தார்கள்.

இதே 2007-ல்தான் ஜிப்ளி ஸ்டுடியோ 'என் அண்டை வீட்டு டொடோரோ' பற்றி வாய் திறந்தது. அது டிவி தொடர் இல்லை, 1988-ல் வந்த மியாசாகி சினிமா. ஆனாலும் இங்கே சேர்க்கிறேன், ஏனென்றால் மற்ற வதந்திகளில் செத்தவர்கள் எல்லாம் வரைபடங்கள், இதில் அப்படி இல்லை. 1963 மே மாதம் சைடாமா மாநிலம் சயாமாவில் ஒரு பள்ளி மாணவி கொலை செய்யப்பட்டார். அவருடைய அக்கா பின்னர் தற்கொலை செய்துகொண்டார். குற்றவாளி என்று பிடிக்கப்பட்டவர் ஒதுக்கப்பட்ட புராகு சமூகத்தைச் சேர்ந்த 24 வயது இளைஞர். சுமார் 31 வருஷம் சிறையில் இருந்து 1994-ல் வெளியே வந்தார். தான் நிரபராதி என்று மறுவிசாரணை கேட்டுக்கொண்டே 2025-ல் இறந்துபோனார்.

படத்தின் கதை நடப்பது அந்த வட்டாரத்தை நினைவூட்டும் ஊரில். அக்கா, தங்கை இருவர் பேருக்கும், சட்ஸுகி, மேய், மே மாதம் என்றே பொருள். கடைசிக் காட்சிகளில் பிள்ளைகளின் நிழல் தரையில் விழவில்லை. போதாதா? டொடோரோ ஒரு எமன், தங்கை ஏற்கெனவே செத்துவிட்டாள் என்று கதை கட்டினார்கள். டொடோரோ எமன் இல்லை, மேய் சாகவில்லை, நிழல் வேண்டாம் என்று தோன்றியதால் வரையவில்லை, அவ்வளவுதான் என்று ஜிப்ளி விளக்கம் கொடுத்தது. இதில் அவர்கள் பேசியது சரி என்றே நினைக்கிறேன். நிஜத்தில் இரண்டு பெண்கள் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள், ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்க வழக்காடியிருக்கிறார், நாம் அதைப் பொழுதுபோகாத நேரத்துப் புதிராக்கிவிட்டோம்.

நோபிதா கோமா கதையில் என்னை உறுத்துவதும் இதற்குப் பக்கத்தில் உள்ளதுதான். சோகம் பரவாயில்லை. ஆனால் சோம்பேறி, கோழை, கணக்கில் பூஜ்யம் வாங்குகிற பையன் கொஞ்சம் கொஞ்சமாகக் காலூன்றுவதுதான் டோரேமான். எல்லாம் கனவு என்றால் அந்த சைக்கிள் பழகியதும் கனவு. சிரிப்புக் கதைக்கு அடியில் பிணம் கிடந்தால்தான் அது பெரிய கதை என்று யார் நமக்குச் சொன்னது?

மூன்றாவது முடிவுக்கு வருகிறேன். 1974 மார்ச், மூன்றாம் வகுப்பு இதழ். இந்த முறை ஃபுஜிமோட்டோ தொடரை நிஜமாகவே முடித்துவிட்டு வேறு வேலைக்குப் போக நினைத்தார். டோரேமான் எதிர்காலத்துக்குத் திரும்ப வேண்டும். கடைசி ராத்திரி நோபிதா, டோரேமான் உதவியில்லாமல், தன்னைவிட ரெண்டு மடங்கு இருக்கும் ஜியானுடன் மல்லுக்கு நிற்கிறான். அடிவாங்கி அடிவாங்கித் திரும்ப எழுகிறான். சலித்துப்போய் ஜியான்தான் தோல்வியை ஒப்புக்கொள்கிறான். காலையில் டோரேமான் இல்லை.

முடிக்க நினைத்தவருக்கு முடிக்க மனசு வரவில்லை. அந்தப் பிள்ளைகள் அடுத்த மாதம் நாலாம் வகுப்புக்குப் போய்ப் புது இதழைத் திறந்தார்கள். கதையில் ஏப்ரல் 1, முட்டாள்கள் தினம். டோரேமான் வந்துவிட்டது என்று ஜியான் பொய் சொல்லி நோபிதாவை ஏமாற்றுகிறான். அவசரத்துக்கென்று டோரேமான் விட்டுப்போன பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு மருந்து. குடித்துவிட்டு எதைச் சொன்னாலும் அது பொய்யாகிவிடும். நோபிதா அதைக் குடித்துப் பழிவாங்குகிறான். பிறகு சோர்ந்துபோய் வீட்டுக்கு வந்து, மருந்து குடித்ததை மறந்து, டோரேமான் இனி வரவே வராது என்கிறான். சொன்னது பொய்யாகிறது. டோரேமான் வந்து நிற்கிறது.

புத்தகமாக வந்தபோது பிரிவு ஆறாம் தொகுதியின் கடைசிக் கதை, திரும்பி வந்தது ஏழாம் தொகுதியின் முதல் கதை. அதற்குப் பிறகு இன்னும் 38 தொகுதிகள் வந்தன.