காயம் ஊருக்கென்றால்

உளவளத்துணை என்றதும் மூடிய அறை, எதிரெதிரே இரண்டு கதிரை, இதுதான் எனக்கு ஞாபகம் வரும். தயா சோமசுந்தரத்தை வாசித்தபிறகு அது மாறிப்போச்சு.

யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் அவர். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1998இல் வந்த அவரது 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' மனங்களின் வடுவைப் பேசியது. 2014இல் வந்த நூலின் பெயரோ 'ஸ்கார்ட் கம்யூனிட்டீஸ்'. தலைப்பில் மனம் போய்ச் சமூகம் வந்திருக்கு. இடையில் நடந்ததோ சுனாமி, முள்ளிவாய்க்கால். குடும்பம், அயல், நம்பிக்கை எல்லாம் சேர்ந்து உடைந்த இடத்தில் ஒருவருக்கு மட்டும் சிகிச்சை கொடுத்தால் போதாது என்பது அவர் வாதம். அதனால் மருந்தோடு மூச்சுப்பயிற்சி, ஜெபம், சடங்கு ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டார். சமூக மட்டப் பணியாளர்களையும் பயிற்றுவித்தார்.

இதை மாத்தளையிலிருந்து வாசிக்கிறேன். 1983 கலவரத்தில் எங்க முத்துமாரியம்மன் கோயிலும் எரிக்கப்பட்டது. இப்போ மாசி மகத்துக்கு ஐந்து தேர் வருது. 83 பற்றிக் கேட்டால் பேச்சை மாத்துற எங்க அம்மாயி, வடத்தைத் தொட்டதும் அழும்.

அதுக்காகத் தேரே போதும்னு விட்டுடவும் முடியாது. இன்னைக்கும் ராத்திரியில் அதுக்குத் தூக்கம் இல்ல. பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் கேட்க ஒரு உளவளத்துணையாளர் வேணும். இதுவரை யாரும் கேட்கல. நானும்தான்.