ஏரிக்கு மேலே ஹைடென்ஷன் லைன்: ஒரகடம் பகுதியில் பறவைகளையும் நீர்நிலைகளையும் காப்பது யார் பொறுப்பு?

ஸ்ரீபெரும்புதூரில் இருந்து ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம் என்று எந்தப் பக்கம் போனாலும் தொழிற்சாலை மதில்களுக்கு நடுவே ஏரிகள் தென்படும். கரையில் பனைமரம், தண்ணீரில் கொக்கும் நாரையும், தலைக்கு மேலே மின்கம்பிகள். 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியதில் இருந்து கார், லாரி, பைக், செல்போன் என வளர்ந்துகொண்டே போகும் இந்தப் பகுதிக்கு ஒரு நிமிடம்கூட நிற்காத கரன்ட் வேண்டும்.

அந்தக் கரன்ட் வரும் வழியில் பறவைக்கும் மரத்துக்கும் ஏரிக்கும் என்ன ஆகிறது? பாதிப்பைக் குறைக்க மின் வாரியம் என்ன செய்ய வேண்டும்? சட்டம் அதை எந்த அளவுக்குக் கட்டாயப்படுத்துகிறது? விரிவாகப் பார்க்கலாம்.

எந்த லைன் யாருடையது?

பேச்சு வழக்கில் எல்லாமே 'ஈ.பி.'தான். ஆனால் 1957ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மின்சார வாரியம் இன்று ஒரே அமைப்பு இல்லை. 2010ல் மின்தொடரமைப்புக் கழகம் (டான்டிரான்ஸ்கோ) தனியாகப் பிரிந்தது. 2024ல் மின் விநியோகம், மின் உற்பத்தி, பசுமை எரிசக்தி ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கழகங்கள் வந்தன.

தெருக்கம்பம், 11 கே.வி., 33 கே.வி. லைன், டிரான்ஸ்பார்மர் எல்லாம் மின் விநியோகக் கழகத்தின் பொறுப்பு. 110 கே.வி. முதல் மேலே உள்ள கோபுர லைன்களும் பெரிய துணை மின்நிலையங்களும் டான்டிரான்ஸ்கோவிடம் இருக்கின்றன. மாநிலங்களுக்கு இடையே மின்சாரம் கொண்டுவரும் லைன்கள் பல மத்திய அரசின் பவர்கிரிட் நிறுவனத்துடையவை. புகார் கொடுக்கும்போது இந்த வித்தியாசம் முக்கியம்.

பறவைகளுக்கு என்ன ஆபத்து?

2021 ஜூன் மாதம் அப்போதைய மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி, அணில்கள் கம்பியில் ஓடுவதும் மின்தடைக்கு ஒரு காரணம் என்று சொன்னதும் மீம்ஸ் பறந்தது நினைவிருக்கலாம். சிரித்து முடித்தாலும் விஷயம் உண்மைதான். அணில், காக்கை, பாம்பு, வௌவால் ஆகியவற்றால் லைன் 'டிரிப்' ஆவது உலகம் முழுக்க மின் நிறுவனங்களுக்குத் தலைவலி. அந்த உயிருக்கோ அதுவே முடிவு.

ஒரே கம்பியில் உட்காரும் குருவிக்கு ஷாக் அடிக்காது. இரண்டு கம்பிகளை ஒரே நேரத்தில் தொட்டாலோ, கம்பியையும் இரும்புக் குறுக்குச் சட்டத்தையும் சேர்த்துத் தொட்டாலோதான் உடம்பு வழியாக மின்சாரம் பாயும். சிறிய பறவைக்கு அந்த அகலம் கிடையாது. பழந்தின்னி வௌவால், மயில், நாரை போன்றவற்றுக்கு உண்டு. எனவே தாழ்வான 11 கே.வி. லைன்தான் இவற்றுக்கு எமன்.

உயரமான கோபுர லைனில் ஆபத்து வேறு மாதிரி. அங்கே கம்பிகளுக்கு இடையே பல மீட்டர் இடைவெளி இருப்பதால் ஷாக் அடிப்பது அரிது. மோதல்தான் பிரச்னை. கோபுரத்தின் உச்சியில், இடியைத் தாங்குவதற்காகக் கட்டப்படும் எர்த் கம்பி மற்றவற்றைவிட மெல்லியது. தடிமனான கம்பிகளைப் பார்த்து மேலே எழும்பும் பறவை, கண்ணுக்கே தெரியாத அந்தக் கம்பியில் அடிபடுகிறது. சிறகு விரித்தால் இரண்டு மீட்டருக்கு மேல் இருக்கும் கூழைக்கடாவால் சட்டென்று திரும்பவும் முடியாது. அதிகாலை, அந்தி, பனிமூட்டம் ஆகியவை ஆபத்தான நேரங்கள்.

ஒரகடத்தில் இருந்து நாற்பது கிலோமீட்டருக்குள்தான் வேடந்தாங்கல், கரிக்கிலி சரணாலயங்கள் உள்ளன. இரண்டும் 2022ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. சரணாலயத்தில் கூடு கட்டும் பறவைகள் இரை தேடுவது சுற்றுவட்டார ஏரிகளிலும் வயல்களிலும்தான். சரணாலயத்துக்குப் போட்ட எல்லைக்கோடு பறவைக்குத் தெரியாது.

எண்ணெயும் ஒரு வாயுவும்

கம்பத்தில் இருக்கும் சாதாரண டிரான்ஸ்பார்மரிலேயே நூறு லிட்டர் அளவில் எண்ணெய் இருக்கும். துணை மின்நிலையத்துப் பெரிய டிரான்ஸ்பார்மர் என்றால் பல்லாயிரம் லிட்டர். கசிந்தால் மழைத் தண்ணீரோடு ஓடி ஏரியில்தான் சேரும். தண்ணீர் மேல் படலம் படர்ந்தால் ஆக்சிஜன் இறங்காது, மீன் தவிக்கும்.

இதற்காகப் பெரிய டிரான்ஸ்பார்மரின் அடியில் ஜல்லி நிரப்பிய எண்ணெய்க் குழி இருக்க வேண்டும். பழைய எண்ணெயை 2016ம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் மட்டுமே கொடுக்க வேண்டும். பழைய கருவிகளில் கலந்திருக்கக்கூடிய பி.சி.பி. என்ற நச்சு ரசாயனத்தின் பயன்பாட்டை 2025 இறுதிக்குள் முழுமையாக நிறுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2016லேயே ஆணை போட்டது.

இன்னொன்று எஸ்.எஃப்.6 என்ற வாயு. சர்க்யூட் பிரேக்கருக்குள் தீப்பொறியை அணைப்பதற்காக அடைக்கப்படுகிறது. நிறமோ வாசனையோ கிடையாது. ஆனால் ஒரு கிலோ கசிந்தால், வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் 23 டன்னுக்கும் அதிகமான கரியமில வாயுவுக்குச் சமம். இந்திய மின்கட்டமைப்பில் 30,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் தயாரிக்கும்போது வெளியாகும் புகை அது. ஐரோப்பிய ஒன்றியம் 24 கே.வி. வரையிலான புதிய சுவிட்ச் கருவிகளில் இந்த வாயுவை 2026 முதல் தடை செய்யும் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது.

சட்டத்தில் எங்கே ஓட்டை?

அனல் மின்நிலையம் கட்ட 2006ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி அனுமதி வாங்க வேண்டும். ஆனால் அந்த அறிவிக்கையின் பட்டியலில் மின்பாதை கிடையாது. 400 கே.வி. கோபுர லைன் ஒன்று பத்து ஏரிகளைத் தாண்டிப் போனாலும் சுற்றுச்சூழல் அறிக்கை, மக்கள் கருத்துக்கேட்பு எதுவும் இந்த அறிவிக்கையின்படி கட்டாயம் இல்லை. வனப்பகுதி, சரணாலயம், கடலோரம் ஆகியவற்றில் நுழைந்தால்தான் தனி அனுமதி.

சரி, ஏரி என்பது ஈரநிலம்தானே, அந்தச் சட்டம் காப்பாற்றாதா? அங்கேயும் சிக்கல். 2017ம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள், பாசனத்துக்காகவோ குடிநீருக்காகவோ மனிதர்கள் வெட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையில் இருந்தே விலக்கிவிட்டன. காஞ்சிபுரம் மாவட்டத்து ஏரிகள் பெரும்பாலும் பாசனத்துக்காக வெட்டியவைதான். வேடந்தாங்கலும் அடிப்படையில் பாசன ஏரிதான். சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டதால் தப்பித்தது. அறிவிக்கப்படாத பக்கத்து ஏரிக்கு அந்தக் கவசம் இல்லை.

ஆக, மின்பாதைக்குச் சுற்றுச்சூழல் மதிப்பீடு தேவையில்லை. அந்தப் பாதை கடக்கும் ஏரி ஈரநிலமும் இல்லை. இரண்டு விலக்குகளும் சேரும் இடத்தில்தான் ஒரகடம் பகுதி இருக்கிறது.

கடன் கொடுப்பவர் கேட்டால் மட்டும்?

விசித்திரம் என்னவென்றால், இந்தியச் சட்டம் கேட்காத ஆய்வைக் கடன் கொடுக்கும் வங்கிகள் கேட்கின்றன. தென்மாவட்ட மின்சாரத்தைச் சென்னைப் பக்கத்துத் தொழில் பகுதிகளுக்குக் கொண்டுவருவதற்காக ஆசிய வளர்ச்சி வங்கி 2019ல் 45.1 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்டது. ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் அதற்கு முன்பே, 2012ல், தமிழக மின்தொடரமைப்புக்குக் கடன் கொடுத்தது. இரண்டு நிறுவனங்களுக்கும் சொந்தமாகச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிபந்தனைகள் உண்டு. ஆய்வு செய்து அதை வெளியிட்டாக வேண்டும்.

பவர்கிரிட் நிறுவனம் 1998லேயே சுற்றுச்சூழல், சமூகக் கொள்கையை எழுதி வைத்துக்கொண்டது. என்.டி.பி.சி. 2018ல் பல்லுயிர்க் கொள்கையை வெளியிட்டது. இவை இரண்டும் பங்குச்சந்தையில் உள்ள நிறுவனங்கள். செபி விதிப்படி ஆண்டுதோறும் சுற்றுச்சூழல் கணக்கு காட்ட வேண்டும். மாநில மின் கழகங்கள் பங்குச்சந்தையில் இல்லாததால் அந்தக் கட்டாயம் கிடையாது.

முன்கூட்டியே யோசிக்காவிட்டால் என்ன ஆகும்?

ஒரகடத்து மின்சாரம் பல ஊர்களில் இருந்து வந்து கட்டமைப்பில் கலக்கிறது. அதில் எண்ணூரும் ஒன்று. வடசென்னை அனல் மின்நிலையத்தின் சாம்பல் குழாய்களில் கசிந்த சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் படிந்து, மீன்பிடித் தொழிலையே பாதித்தது. விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் பல ஆண்டுகள் நடந்தது. பின்னர் அதே பகுதியில் ஆற்றுக்குள் மின்கோபுரம் அமைக்க மண் கொட்டிப் பாதை போட்டதை எதிர்த்தும் மீனவர்கள் போராடினார்கள். படிந்த பிறகு அள்ளுவது, படியாமல் தடுப்பதைவிடப் பல மடங்கு செலவு.

2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் கம்பைநல்லூர் அருகே ஒரு யானை, தாழ்வாகப் போன உயரழுத்தக் கம்பியில் உரசி இறந்தது. அதே மாதத்தில், அதே மாவட்டத்தில், சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்திருந்தன. அதன் பிறகுதான் மின்வேலிகளைப் பதிவு செய்யும் விதிகளைத் தமிழக அரசு கொண்டுவந்தது.

எது பலன் தரும்?

உலக அளவில் மின் நிறுவனங்கள் பின்பற்றும் வரிசை எளிமையானது: முதலில் தவிர்ப்பது, முடியாவிட்டால் குறைப்பது, பிறகு சரிசெய்வது, கடைசியாக ஈடுசெய்வது.

தவிர்ப்பது: ஏரியின் நடுவே போகாமல் சாலையோரமாகப் பாதையைத் திருப்புவது. சில கோபுரங்கள் கூடும், செலவும் கூடும். ஆனால் இதை வரைபடத்தில்தான் செய்ய முடியும். கோபுரம் நட்ட பிறகு செய்ய முடியாது.

குறைப்பது: எர்த் கம்பியில் பறவை கண்ணில் படும் 'டைவர்ட்டர்' மாட்டுவது, 11 கே.வி. லைனில் உறையிட்ட கம்பி, குறுக்குச் சட்டத்தில் காப்பு. எல்லா இடத்திலும் பூமிக்கடியில் கேபிள் போடலாமே என்று கேட்கலாம். கானமயில்களுக்காக ராஜஸ்தான், குஜராத்தில் அப்படி உத்தரவிட்ட உச்ச நீதிமன்றமே 2024 மார்ச்சில் அதைத் தளர்த்தி, எங்கே சாத்தியம் என்று பார்க்க நிபுணர் குழு அமைத்தது. உயரழுத்த கேபிளின் செலவும் பழுதுபார்க்கும் சிரமமும் அவ்வளவு.

சரிசெய்வதும் ஈடுசெய்வதும்: 400 கே.வி. லைனுக்கு சுமார் 46 மீட்டர் அகலப் பாதை வேண்டும். அதில் உயர்ந்த மரம் நிற்க முடியாது. குட்டையாக வளரும் மரங்களை நடலாம். ஆனால் ஏரிக்கரைப் பனை ஒன்றை வெட்டினால் அதில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடும் போகும். அதற்கு ஈடாக நட்ட கன்று அந்த உயரத்துக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். தமிழ்நாட்டில் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ல் அரசு அறிவித்ததும் கவனிக்க வேண்டியது.

பொதுமக்கள் என்ன செய்யலாம்?

கம்பி தொங்கினாலோ, மரம் உரசினாலோ, டிரான்ஸ்பார்மரில் எண்ணெய் ஒழுகினாலோ 'மின்னகம்' எண் 94987 94987ல் எந்த நேரமும் புகார் செய்யலாம். அடிபட்ட பறவையைக் கம்பத்தில் ஏறியோ கொம்பு வைத்தோ எடுக்க முயல்வது உயிருக்கு ஆபத்து. எண்ணெய் நீர்நிலையில் கலந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் சொல்லலாம்.

புதிய லைன் வருகிறது என்று தெரிந்தால், பாதை வரைபடத்தையும் வேறு என்ன பாதைகள் பரிசீலிக்கப்பட்டன என்பதையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்; கிராம சபையில் தீர்மானம் போடலாம். சட்டம் மதிப்பீட்டைக் கட்டாயமாக்காத வரை, ஏரியின் பக்கம் பேசுவதற்கு ஊர்க்காரர்களுக்கு இருக்கும் நேரம் அதுதான்: சர்வே கல் நடுவதற்கு முன்னால்.