நடத்தைப் பகுப்பாய்வுப் படிப்பு: செங்கல்பட்டு வட்டாரம்

ஒருவர் ஒரு செயலை ஏன் செய்கிறார் என்பதை, அதற்கு முன்னும் பின்னும் நடப்பவற்றைக் கவனித்து அறிந்து, அவருக்குப் பயன்படும் திறன்களைக் கற்றுத்தரும் துறை பயன்முறை நடத்தைப் பகுப்பாய்வு. சிகிச்சை மையங்களில் 'ஏபிஏ' என்றால்தான் புரியும். உளவியலாளர் ஸ்கின்னரின் ஆய்வுகளிலிருந்து வளர்ந்த இத்துறைக்கு, கான்சஸ் பல்கலைக்கழகத்தின் பேர், உல்ஃப், ரிஸ்லி மூவரும் 1968இல் எழுதிய கட்டுரை இலக்கணம் வகுத்தது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான பயிற்சியில் இது பரவலாகப் பயன்படுகிறது.

மாணவர் முதலில் பழக வேண்டியது பதிவெழுதுவது. 'பையன் அடம்பிடித்தான்' என்பது பதிவாகாது. அடம் என்பது பார்ப்பவரின் தீர்ப்பு. 'மிக்சி ஓடியதும் மணிக்கட்டைக் கடித்தான். அம்மா மிக்சியை நிறுத்தினார். கடிப்பது நின்றது' என்று எழுத வேண்டும். இப்படிச் சில நாள் பதிவு சேர்ந்தால், 'சத்தம் வேண்டாம்' என்று சொல்ல அவனுக்குத் தெரிந்த வழி அந்தக் கடிதான் என்பது விளங்கும். பிறகு, 'போதும்' என்று சொல்லவோ ஒரு பட அட்டையை நீட்டவோ அவனுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். அட்டையை நீட்டிய மறுநொடி மிக்சி நிற்க வேண்டும். தாமதித்தால் கை மறுபடி வாய்க்குப் போகும். இத்துறையின் உயிர் இந்தப் பொறுமையான கவனிப்பில் இருக்கிறது.

இத்துறைக்கு நெருங்கிய படிப்புகளுக்கு இவ்வட்டாரத்திலேயே இடங்கள் உண்டு. சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து தாம்பரம் பக்கம் மின்சார ரயிலில் மூன்றாவது நிலையம் பொத்தேரி. எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக வளாகம் அங்கே, தொழில்சார் சிகிச்சைக் கல்லூரியும் அதில் உண்டு. கடற்கரைப் பக்கம், முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. சிறப்புக் கல்வி, மருத்துவ உளவியல் படிப்புகளும் சிகிச்சைச் சேவைகளும் ஒரே வளாகத்தில் இருப்பது மாணவருக்குப் பெரிய வாய்ப்பு.

சான்றிதழ் விஷயத்தில் நிதானம் தேவை. நடத்தைப் பகுப்பாய்வாளர்களுக்காக 1998இல் தொடங்கிய அமெரிக்கச் சான்றிதழ் வாரியம் 2023 முதல் இந்தியாவிலிருந்து புதிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவேட்டில் நடத்தைப் பகுப்பாய்வாளர் என்ற தனிப்பிரிவு இல்லை; 2021ஆம் ஆண்டின் இணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் அட்டவணையில் அப்பெயர் உண்டு. ஆகவே மருத்துவ உளவியலிலோ சிறப்புக் கல்வியிலோ பதிவு பெற்று, அதன்மேல் ஏபிஏ கற்பதே இங்கே உறுதியான பாதை.

துறையின் பழைய பிழையையும் மாணவர் படித்தாக வேண்டும். 1987இல் உளவியலாளர் லோவாஸ் வெளியிட்ட ஆய்வில் 19 குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கும் மேல் பயிற்சி தரப்பட்டது. 9 பேரிடம் பெரும் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அந்தப் பயிற்சியில் அதட்டலும், சில வேளை தொடையில் அடியும் இருந்தன. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் இதற்காக இத்துறைமீது வைக்கும் குற்றச்சாட்டு நியாயமானது. அமெரிக்க வாரியம் 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நெறிமுறை, பெற்றோரின் ஒப்புதலோடு குழந்தையின் இசைவையும் கருதச் சொல்கிறது. பேச்சு வராத குழந்தை நாற்காலியை விட்டு எழுந்து கதவுப் பக்கம் போனால், 'வேண்டாம்' என்று சொன்னதாகவே பதிவில் எழுத வேண்டும்.