இளங்கௌதமன் பெயரை மீட்ட கல்வி

அசோக் நகரில் வாழும் நாம் நாள்தோறும் கடந்து செல்லும் அசோகத் தூணின் உச்சியில் நான்கு சிங்கங்கள் உள்ளன. அவற்றின் மூல வடிவம் காசிக்கு அருகில் சாரநாத்தில் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் செதுக்கப்பட்டது. அதன் பிடரி மயிரையும் கல்லின் பளபளப்பையும் கண்ட அறிஞர்கள், பாரசீகத்துப் பெர்சிபோலிஸ் நகரச் சிற்பங்களோடு ஒப்பிட்டு நெடுநாள் வாதிட்டனர். அதே பளபளப்பு, பாட்னாவில் லோகானிப்பூர் என்னுமிடத்தில் 1937இல் கிடைத்த திகம்பரத் திருமேனி ஒன்றிலும் உண்டு. தலையும் கால்களும் இழந்து நிற்கும் அவ்வுருவத்தைத் தீர்த்தங்கரர் படிமங்களுள் மிகப் பழையது என்று பலர் கருதுவர். இவ்வாறு ஒன்றை மற்றொன்றின் அருகில் வைத்துக் காலத்தையும் கருத்தையும் அறியும் கல்வியே கலை வரலாறு.

இந்தியப் பல்கலைக்கழகங்களில் இக்கல்விக்கு ஏறத்தாழ நூறாண்டு வரலாறு உண்டு. ஆஸ்திரியாவில் பிறந்த ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையார் 1920களிலிருந்து கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இந்தியக் கலையைக் கற்பித்தார். பரோடாவில் 1950இல் நுண்கலைப் புலம் தோன்றியது. நம் சென்னையிலே ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியின் நுண்கலைத் துறையும், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் சிற்பத்துறையும் உள்ளன. எகிப்தும் கிரேக்கமும் இத்தாலியும் நம் நாட்டுக் கோயில்களும் அங்கே ஒரே மாணவர் கண்முன் வருகின்றன.

அந்த ஒப்பீட்டின் பயனுக்கு ஒரு சான்று காண்போம். கி.மு. 6ஆம் நூற்றாண்டுக் கிரேக்க இளைஞர் சிலைகளும் ஆடையின்றி நேராக நிற்பவையே. ஆனால் அவற்றில் இடக்கால் முன்னே எடுத்து வைக்கப்பட்டிருக்கும். கைகள் இறுக மூடித் தொடையை ஒட்டியிருக்கும். காயோத்சர்க நிலையில் நிற்கும் நம் தீர்த்தங்கரருக்கோ இரு பாதங்களும் சமமாக ஊன்றியிருக்கும். கைகள் உடலைத் தொடாமல் தளர்ந்து தொங்கும். அங்கே உடல் புறப்பட ஆயத்தமாகிறது. இங்கே உடலின் மீதுள்ள பற்று விடப்படுகிறது. அன்றாடம் வணங்கிப் பழகிய நம் கண்களுக்கு இவ்வேறுபாடு எளிதில் புலப்படுவதில்லை.

‘இதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?’ என்று நம் இல்லங்களில் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. அதற்கு முன் சிற்றன்னவாசலில் நடந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும்.

புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள அக்குடைவரையின் ஓவியங்களைப் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் 1920இல் உலகறியச் செய்தார். அவற்றை அவர் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தவை என்றார். அம்மன்னன் சமணனாயிருந்து பின் சைவம் தழுவினான் என்பது மரபு. ஆகவே தூணில் தீட்டப்பட்ட முடிமன்னன் உருவம் அவனே என்றும், ஓவியம் அவன் கொடை என்றும் நூல்கள் எழுதலாயின. பல்லவ நாட்டுக் குடைவரைகளோடு ஒப்பிட்டால் அம்முடிவு இயல்பானதுதான்.

ஆனால் குடைவரையின் முகப்புக்குத் தெற்கே பாறையில் தமிழ்க் கல்வெட்டொன்று பாடல் வடிவில் உள்ளது. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அகமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்தார் என்று அது கூறுகிறது. காலம், அவனிபசேகரன் எனப்பட்ட பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபனின் ஆட்சி. அதாவது 9ஆம் நூற்றாண்டு. சுவரை நுணுகி ஆராய்ந்தபோது ஓவியத்தில் இரு அடுக்குகள் இருப்பதும் தெரிந்தது. இன்று நாம் காணும் ஓவியங்களுள் பெரும்பகுதி பாண்டியர் காலத்துப் பணி என்பதே இப்போது பெரும்பான்மையோர் கொள்கை. பல்லவ மன்னனுக்குச் சென்ற புகழில் பெரும்பங்கு மதுரையிலிருந்து வந்த சமண ஆசிரியர் ஒருவருக்கு உரியதாயிற்று. எனக்கு இது சிறிய செய்தியாகத் தோன்றவில்லை.

முகப்புத் தூண்களைப் பார்த்து மயங்குவோரும் உளர். அவை புதுக்கோட்டைத் திவான் டாட்டன்ஹாம் காலத்தில் குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தப்பட்டவை. அவற்றை வைத்து இக்குடைவரையின் காலத்தைக் கணிக்க இயலாது.

சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் பரமசிவன் 1930களில் பழைய சுவரோவியங்களின் சாந்தை ஆராய்ந்தார். அஜந்தாவில் மண்சாந்து, சிற்றன்னவாசலில் சுண்ணச் சாந்து. ‘தென்னாட்டு அஜந்தா’ என்று சொல்லிவிட்டு நகர்வோர் இதை அறிய வேண்டும். விதானத்துத் தாமரைத் தடாகத்தையும் பலர் வெறும் இயற்கைக் காட்சி என்றே கண்டனர். மீனும் அன்னமும் யானையும் உலவும் அத்தடாகத்தில் மலர் கொய்வோர், சமவசரணத்தின் காதிகா பூமியில் நிற்கும் பவ்யர்கள் என்று விளக்கியவர் டி.என். இராமச்சந்திரன். ஓவியக் கலையை மட்டும் கற்றவருக்கு அவ்விளக்கம் கிட்டியிராது. நம் ஆகம நூல்களையும் அவர் பயின்றிருந்தார்.

அவரே 1934இல் காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றம் பற்றிய பெருநூலைச் சென்னை அருங்காட்சியக வெளியீடாகத் தந்தார். விஜயநகர அமைச்சரும் படைத்தலைவருமான இருகப்பர், தம் குரு புஷ்பசேனரின் சொற்படி 1387இல் கட்டிய சங்கீத மண்டபம் அங்குள்ளது. அதன் விதானத்தில் ரிஷபர், நேமிநாதர், வர்த்தமானர் வரலாறுகள் வரிவரியாகத் தீட்டப்பட்டுள்ளன. படங்களுக்குக் கீழே தமிழிலும் கிரந்தத்திலும் விளக்கங்கள் எழுதப்பட்டுள்ளன. லேபாட்சி முதலிய கோயில்களின் ஓவியங்களோடும், இத்தாலியில் பாதுவா நகரத் தேவாலயத்தில் ஜோத்தோ தீட்டிய கதைத் தொடரோடும் அதனை ஒப்பிடலாம். இரண்டு இடங்களிலும் எழுத்தறியாதவர் கண்ணால் படித்த நூல் சுவரே.

கிரந்த எழுத்தைப் படிப்போர் குறைந்துவிட்டனர். விதானமும் மங்கி வருகிறது. ஸ்ரீபுராணக் கதைகளை வீட்டில் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுள் ஒருவர் அத்துறையில் சேர்வாராயின், தொடங்க வேண்டிய பணி ஆயத்தமாக இருக்கிறது. 1934இன் நூலையும் இன்றைய விதானத்தையும் அருகருகே வைத்து, எந்தக் காட்சி நிற்கிறது, எது அழிந்தது, எந்த எழுத்து இன்னும் வாசிக்கத்தக்கது என்று கட்டம் கட்டமாகக் குறித்து வந்தாலே ஒரு முதுகலை ஆய்வேட்டுக்கு அது போதும்.